காது கேளாத வாடிக்கையாளரோடு கடையில் எப்படிப் பேசுவது?

மடிப்புச்சேலை · செவ்வாய், இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். இன்று நடந்ததை யாரிடமாவது சொல்லாமல் தூங்க முடியாது போலிருக்கிறது. ஒரு கேள்வியும் இருக்கிறது.

காலை பதினொரு மணிபோல ஓர் அம்மாவும் எட்டு ஒன்பது வயது மகளும் வந்தார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் கண்ணாடி அலுமாரியில் இருந்த ஒரு சேலையைக் காட்டினார். "கலியாணத்துக்கா அக்கா? பட்டா பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பவும் கேட்டேன். "அம்மாவுக்குக் காது கேட்காது" என்று அந்தப் பிள்ளை சொன்னது. பிறகு இருவரும் கையால் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

அதைத் தூரத்தில் இருந்து பார்த்த எங்கள் கடை அண்ணா ஒருவர், லாச்சியைத் திறந்து இருபது ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து வந்து அந்த அம்மாவின் கையில் வைத்துவிட்டார். "வாய் பேச முடியாது, உதவி செய்யுங்கள்" என்று அச்சடித்த அட்டையோடு மாதத்துக்கு நாலு பேராவது கடைக்கு வருவார்கள். அப்படி வந்தவர் என்று நினைத்துவிட்டார். அந்த அம்மா தாளைப் பார்த்தார், அண்ணாவைப் பார்த்தார், தாளைக் கண்ணாடி மேசையின் மேல் வைத்தார். அவ்வளவுதான்.

நான் செய்ததும் சரியில்லை. முதலில் சத்தம் போட்டுப் பேசினேன். அது பலிக்கவில்லை என்றதும் எல்லாவற்றையும் பிள்ளையிடம் சொன்னேன். "இது பன்னிரண்டாயிரம் என்று அம்மாவிடம் சொல்லு." "அம்மாவுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேள்." பிள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னது. ஜரிகை இதில் அசலா என்று ஏதோ பேச்சு வந்தபோது, "அக்கா, ஜரிகை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது" என்றது. கண் நிறைந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர் திரும்ப வருவாரோ தெரியாது, ஆனால் அவரைப் போல் இன்னொருவர் வருவார்.


இரண்டாம் குறுக்குத் தெரு · செவ்வாய், இரவு 10.20

தங்கச்சி, மனதைப் போட்டு உடைக்க வேண்டாம். புறக்கோட்டையில் எனக்கு இருபத்திரண்டு வருடம். கூடப் பிள்ளை வந்தால் பிள்ளையிடம் பேசுவதுதான் யாருக்கும் வருவது. தனியாக வந்தால் கல்குலேட்டரில் விலையை அடித்துக் காட்டுவேன், அவர்கள் காசைத் தருவார்கள், முடிந்தது. பெருநாள், தீபாவளி, கிறிஸ்மஸ் நேரத்தில் ஒரே நேரத்தில் ஆறு பேர் சாமான் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அப்போது ஒருவருக்காக நின்று எழுதிக் காட்டினால் மற்ற ஐந்து பேரும் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். இதைச் சொல்வது எனக்கும் சந்தோஷமில்லை. ஆனால் கடை நடத்துகிறவனுக்கு இது உண்மை.


கைகளின் மகள் · செவ்வாய், இரவு 11.35

நான் அந்தப் பிள்ளையாக இருந்தவள்.

என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காது கேட்காது. எனக்குக் கேட்கும். தெமட்டகொடையில் வளர்ந்தேன். ஏழு வயதிலேயே மின்சாரக் கட்டணம் கட்டும் இடம், வங்கி, மீன்கடை எல்லாவற்றிலும் நான்தான் வாய். பேரம் பேசத் தெரியும், கொமிஷன் என்றால் என்னவென்று தெரியும், "நாளைக்கு வரச் சொல்லு" என்று சொல்கிறவர் நாளைக்கு இருக்க மாட்டார் என்றும் தெரியும்.

கடைகளில் மொழிபெயர்ப்பது கஷ்டமாக இருந்ததில்லை. எதை மொழிபெயர்க்காமல் விடுவது என்பதுதான் கஷ்டம். எங்கள் பகுதியில் ஒரு கடையில் அம்மா ஒரு கைப்பையைக் கேட்டபோது கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், "இதுகளுக்கு எதற்கு இந்த விலைச் சாமான்" என்றார். அம்மா என்னைப் பார்த்து, என்ன சொன்னார் என்று கேட்டார். "இந்த நிறம் முடிந்துவிட்டதாம்" என்று கையால் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். முகத்தைப் படிப்பதில் என் அம்மாவை யாரும் வெல்ல முடியாது. வீட்டுக்கு வந்தபிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. எனக்கு இப்போது முப்பத்துநாலு வயது. அந்தக் கடையைத் தாண்டிப் போகும்போது இன்றைக்கும் எதிர்ப் பக்கத்துக்குப் போய்த்தான் நடக்கிறேன்.

பன்னிரண்டு வயதில் அம்மாவின் கர்ப்பப்பை ஒப்பரேஷன் பற்றி டொக்டர் சொன்னதை நான் அம்மாவுக்குச் சொல்ல வேண்டி வந்தது. அதற்கு என்னிடம் சொல்லே இருக்கவில்லை, கையிலும் இல்லை, வாயிலும் இல்லை. ஜரிகை தெரியாது என்று அழுத பிள்ளையை வாசித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

குறுக்குத் தெரு நானா, கோபித்துக்கொள்ள வேண்டாம். பிள்ளையிடம் பேசுவது யாருக்கும் வருவதுதான், நீங்கள் சொல்வது சரி. ஆனால் நேரம் அதில் மிச்சமாவதில்லை. பிள்ளைக்குப் புரிய வேண்டும், பிறகு அம்மாவுக்குப் புரிய வேண்டும், இரண்டு தடவை. கடைக்கு வந்தவர் அம்மா. காசு அவருடைய கைப்பையில் இருக்கிறது. உடுக்கப் போகிறவர் அவர்.

மடிப்புச்சேலை, பிள்ளையை விலக்கவும் வேண்டாம். அம்மாவின் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு எந்த நிறம் பிடிக்கும்?" என்று அவரிடமே கேளுங்கள். குரல் அவரிடம் போகாது, பரவாயில்லை, பார்வை போகும். பிள்ளை பக்கத்தில் நின்று தன் பாட்டில் கையால் சொல்லும். "அம்மாவிடம் கேள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லில் அம்மா சின்னப் பிள்ளையாகவும் பிள்ளை பெரியவராகவும் ஆகிவிடுகிறார்கள்.

அப்புறம், ஜரிகைக்குச் சொல்லே தேவையில்லையே! வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுங்கள். கரையைத் திருப்பி உள்பக்கத்து நூலைக் காட்டுங்கள், தொட்டுப் பார்க்கட்டும். பாமசியிலோ வங்கியிலோ எல்லாம் சொல்லாக இருக்கும். சேலை கண்ணுக்கும் கைக்கும் உரிய பொருள். உங்கள் வேலை மற்ற எல்லாக் கடைகளையும்விட இலகு.


அச்சுக்கோப்பவன் · புதன், காலை 6.10

நான் காது கேளாதவன். மருதானையில் ஓர் அச்சகத்தில் வேலை. ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது, காய்ச்சல் போனது, கேட்பதும் போனது. அதற்கு முன் தமிழ் பேசிய பிள்ளை என்பதால் இப்போதும் கொஞ்சம் பேசுவேன். குரல் தட்டையாக இருக்கும் என்று சொல்கிறார்கள். எனவே "ஊமை" என்று யாராவது சொன்னால் எனக்கு இரண்டு தரம் வலிக்கும், அந்தச் சொல்லுக்காகவும், அது பொய் என்பதற்காகவும். காது கேளாதவர் என்று சொன்னால் போதும்.

முதலில் அந்த இருபது ரூபாய். அட்டையோடு வருகிறவர்களில் உண்மையான கஷ்டத்தில் இருப்பவர்களும் இருப்பார்கள், காது நன்றாகக் கேட்கிறவர்களும் இருப்பார்கள். யார் எவர் என்று எனக்கும் தெரியாது. ஆனால் கையால் பேசுகிறவர் கடைக்குள் வந்தாலே கை நீட்ட வந்தவர் என்று ஆகிவிட்டது. எனக்கும் நடந்திருக்கிறது. சம்பளம் எடுத்த அன்று, மகனுக்குச் சப்பாத்து வாங்கப் போன கடையில். மகன் பக்கத்தில் நின்றான்.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

சத்தம் போட வேண்டாம். உரத்துப் பேசும்போது வாய் பெரிதாகத் திறக்கும், நெற்றி சுருங்கும், எங்களுக்குத் தெரிவது கோபம் மட்டும்தான். உதட்டைப் பார்த்து எல்லாவற்றையும் அறிந்துகொள்வோம் என்றும் நினைக்க வேண்டாம். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் "பணம்" என்றும் "மணம்" என்றும் சொல்லிப் பாருங்கள். "பாலை", "மாலை" சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரித்தான் மூடித் திறக்கும். "அறுபது", "எழுபது" இரண்டிலும் வித்தியாசம் நாக்கில் இருக்கிறது, அது வாய்க்குள்ளே. கொழும்பில் பாதிப் பேர் விலையை ஆங்கிலத்தில் சொல்வார்கள். பிஃப்டீனும் பிஃப்டியும் உதட்டில் ஒன்றுதான். பதினைந்தா, ஐம்பதா? இதில் எத்தனை தரம் வெட்கப்பட்டிருக்கிறேன். ஆகவே எண் என்றால் எப்போதும் எழுத்தில். குறுக்குத் தெரு நானா சொன்ன கல்குலேட்டர் நல்ல கருவி, அதைக் குறைத்து நினைக்க வேண்டாம். ஆனால் அதை எங்கள் கையிலும் ஒரு தரம் தாருங்கள். எங்களுக்கும் ஒரு விலை சொல்ல இருக்கும்.

கடை வாசலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். வெளி வெளிச்சம் பின்னால் இருந்தால் உங்கள் முகம் கறுப்பாகத்தான் தெரியும். வெற்றிலை போட்டுக்கொண்டு, பேனையைக் கடித்துக்கொண்டு பேச வேண்டாம். 2020இல் எல்லோரும் முகக்கவசம் போட்டபோது எங்களுக்குக் கொழும்பே வாயை மூடிக்கொண்டது போல இருந்தது. கடைக்குப் போகவே பயந்தேன்.

சேலைக் கடையில் இன்னொன்று. நீங்கள் சேலையை விரித்துக்கொண்டே பேசுவீர்கள். கேட்கிறவர்கள் காதால் உங்களையும் கண்ணால் சேலையையும் வைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு இருப்பது கண் மட்டும். சேலையைப் பார்த்தால் உங்கள் முகம் போய்விடும், முகத்தைப் பார்த்தால் சேலை போய்விடும். முதலில் விரியுங்கள். அவர் பார்க்கட்டும். அவர் நிமிர்ந்து உங்களைப் பார்த்தபிறகு சொல்லுங்கள். இந்த ஒன்றைச் செய்கிற கடைக்காரரை நான் வாழ்க்கையில் இரண்டு பேரைத்தான் கண்டிருக்கிறேன்.

கூப்பிட வேண்டுமென்றால் பின்னால் இருந்து தொடாதீர்கள், திடுக்கிடும். முன்னால் கையை அசைத்தால் போதும். அல்லது கண்ணாடி மேசையில் மெதுவாகத் தட்டினால் அதிர்வு கைக்கு வரும். பெண்கள் என்றால் இதுதான் மரியாதையும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. எழுதிக் காட்டுவதைப் பற்றி இரவு எழுதுகிறேன், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.


மருந்துச்சிட்டை · புதன், பிற்பகல் 2.15

கொட்டாஞ்சேனையில் பாமசியில் இருக்கிறேன். அச்சுக்கோப்பவன் அண்ணாவின் பதிவை எங்கள் கவுண்டரில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

எங்கள் வேலையில் பிழை நடந்தால் சேலையோடு போகாது. ஒரு முறை காது கேளாத ஐயா ஒருவருக்கு மாத்திரை உறையில் எழுதிக் கொடுத்து, "விளங்கியதா?" என்று பெருவிரலை உயர்த்திக் கேட்டேன். அவரும் தலையாட்டினார். மூன்று நாளில் திரும்பி வந்தார், ஒரு வாரத்துக்குக் கொடுத்த மாத்திரை முடிந்திருந்தது. நல்லவேளை, அது விட்டமின். அன்றிலிருந்து "விளங்கியதா" என்று யாரிடமும் கேட்பதில்லை. யாரும் இல்லை என்று சொல்வதில்லை, காது கேட்கிறவர்களும் சொல்வதில்லை. இப்போது உறையில் சூரியன் உதிப்பது, உச்சியில் சூரியன், பிறைநிலா என்று மூன்று படம் கீறுகிறேன். ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை மாத்திரை என்று வட்டம் போடுகிறேன். சாப்பாட்டுத் தட்டு ஒன்று, அதற்கு முன்னாலா பின்னாலா என்று அம்புக்குறி. பிறகு உறையை அவர் கையில் கொடுத்து, இரவுக்கு எத்தனை என்று எனக்குக் காட்டச் சொல்கிறேன். அவர் விரலால் காட்டினால்தான் அனுப்புவேன்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் எங்களிடம் ஒரு பிழை. மருந்து கட்டியபின் பெயரைக் கூப்பிடுவோம், அவருக்குக் கேட்காது, அடுத்தவர் போய்விடுவார். அவர் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் இருப்பார். இப்போது சிட்டையின் மூலையில் சின்னதாக ஒரு கண் கீறி வைக்கிறோம். அந்தச் சிட்டை வந்தால் நாங்கள் எழுந்துபோய்க் கொடுக்க வேண்டும்.


ஓய்வூதியர், தெஹிவளை · புதன், மாலை 5.40

இங்கே சைகை மொழி பேசுகிறவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். என்னைப் போன்றவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுபத்தொரு வயது. பிறவியில் நன்றாகக் கேட்டது, அறுபதுக்குப் பிறகு குறையத் தொடங்கியது. 2012 குடிசனத் தொகை மதிப்பீட்டில் கேட்பதில் சிரமம் உண்டு என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 389,000 பேர். அதில் பெரும்பகுதி என் போன்ற முதியவர்களாகத்தான் இருக்கும். எங்களுக்குச் சைகை தெரியாது.

எனக்குச் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. வயதில் வருகிற செவிக்குறைவு மேல் ஸ்தாயி ஒலிகளைத்தான் முதலில் கொண்டுபோகும். ச, த, க மாதிரியான மெய்யொலிகள் கரைந்துவிடும், உயிரொலி மட்டும் வந்து சேரும். கத்தினால் உயிரொலிதான் இன்னும் பெரிதாகும். கேட்கும் கருவி போட்டிருக்கிறேன். அது உங்கள் குரலோடு மின்விசிறியையும், ஜெனரேட்டரையும், காலி வீதி என்ற பெருந்தெருவின் பஸ்ஸையும் சேர்த்தே பெரிதாக்கித் தருகிறது. எனக்கு உதவி செய்ய நினைத்தால் ஒரு மீற்றர் தூரத்துக்குள் வாருங்கள், கடையில் பாட்டு போனால் கொஞ்சம் குறையுங்கள், நிதானமாகப் பேசுங்கள். ஒரு சொல் புரியவில்லை என்றால் அதே சொல்லைப் பத்துத் தரம் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லுங்கள். "தள்ளுபடி" விளங்காவிட்டால் "விலை குறைவு" விளங்கும்.

"ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் பேரப்பிள்ளைகளும் சொல்கிறார்கள். அந்தச் சொல் ஒவ்வொரு தடவையும் தெளிவாகக் கேட்கிறது.


அச்சுக்கோப்பவன் · புதன், இரவு 8.30

எழுதிக் காட்டுவது பற்றி.

1912இல் மேரி சப்மன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தெஹிவளையில் காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பாடசாலைதான் பிறகு இரத்மலானைப் பாடசாலையாக வளர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று 1956இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை வந்தது. கொழும்பில் இருக்கிற எங்கள் வீட்டில் என்னை யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப மனம் வரவில்லை, யுத்த காலம் வேறு. இரத்மலானையில் சிங்களத்தில் படித்தேன். தமிழை அம்மா வீட்டில் பத்திரிகையை வைத்துச் சொல்லித் தந்தார். என்னோடு படித்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படி ஓர் அம்மா இருக்கவில்லை. தமிழ் வீடு, தமிழ்ப் பெயர், நெற்றியில் பொட்டு, ஆனால் வாசிப்பது சிங்களம். நீங்கள் தமிழில் எழுதிக் காட்டி, அவர் முழித்தால், படிக்காதவர் என்று எண்ண வேண்டாம். கீழே சிங்களத்தில் இரண்டு சொல் எழுதிப் பாருங்கள்.

பிறவியிலேயே கேட்காதவர்களுக்குச் சைகைதான் தாய்மொழி. அதற்குத் தனி இலக்கணம். தமிழோ சிங்களமோ அவர்களுக்குக் கண்ணால் மட்டும் கற்ற இரண்டாம் மொழி. "இந்தச் சேலையைக் கழுவினால் சாயம் போகாது என்று எங்களால் உத்தரவாதம் தர இயலாது" என்று எழுதினால் "போகாது", "உத்தரவாதம்" இரண்டையும் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக வாங்கிப் போவார்கள். "சாயம் போகலாம். தனியாகக் கழுவவும்." இது போதும்.

விலை குறைப்பது பற்றி யாராவது கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். பாவம் பார்த்துக் குறைக்க வேண்டாம். கேட்காது என்பதற்காகக் கூட்டவும் வேண்டாம். மற்றவர் பேரம் பேசினால் எவ்வளவு குறைப்பீர்களோ, நான் பேரம் பேசினாலும் அவ்வளவு குறையுங்கள்.


மடிப்புச்சேலை · புதன், இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. இரண்டு தரம் வாசித்தேன். இருபது ரூபாய் கொடுத்த அண்ணாவிடமும் காட்டினேன். அவர் நல்ல மனிதர், சாப்பிடாமலே இருந்துவிட்டார்.

இரண்டு கேள்வி. போனில் பேச்சை எழுத்தாக்கும் வசதி இருக்கிறதாமே, அது உதவுமா? யூடியூபில் சைகை பார்த்துப் பழகலாமா?


கைகளின் மகள் · புதன், இரவு 10.05

கூகுள் 2019இல் வெளியிட்ட லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற செயலி தமிழையும் சிங்களத்தையும் எழுதும். என் அப்பாவோடு பயன்படுத்துகிறேன். அமைதியான அறையில் நன்றாக வரும். காலி வீதியில் பஸ் ஹோர்ன் நடுவில் தடுமாறும். நாங்கள் ஒரே வசனத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் போட்டுப் பேசினாலும் தடுமாறும். சின்ன வசனமாகப் பேசி, என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களும் வாசித்துவிட்டுக் காட்டுங்கள். அப்பா வட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து போனைத் திருப்பிக் காட்டுவதைத்தான் விரும்புகிறார். அம்மாவுக்குப் பேனையும் கொப்பியும். அதனால் முதலில் அவர்களிடமே கேளுங்கள். போனையும் கொப்பியையும் முன்னால் வைத்தால், தங்களுக்கு எது வசதியோ அதை அவர்களே எடுப்பார்கள்.

யூடியூபில் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்கச் சைகை. ஆங்கிலம் ஒன்றாக இருந்தும் அமெரிக்கர் சைகை பிரித்தானியருக்கு விளங்காது. இலங்கைச் சைகை வேறு. இங்கேயும் பாடசாலைக்குப் பாடசாலை, ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கிறது. தப்பாகக் காட்டினாலும் எங்கள் ஆட்கள் கோபிக்க மாட்டார்கள், திருத்தித் தருவார்கள். ஆனால் கற்க வேண்டுமென்றால் காது கேளாத ஒருவரிடமே கற்றுக்கொள்ளுங்கள்.


சட்டக் கொப்பி · வியாழன், காலை 8.00

இதில் உரிமையும் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. மொழி என்பதில் பேச்சு மொழியோடு சைகை மொழியும் அடங்கும் என்று அந்தச் சமவாயமே வரையறுக்கிறது. கடைக்காரர் தயவு பண்ணுவதாக நினைக்காமல் இருக்க இதைத் தெரிந்துகொள்வது நல்லது.


பார்சல் தம்பி · வியாழன், பிற்பகல் 1.25

நான் மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோகிறவன். கடை இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். வாசலில் நின்று போன் எடுப்போம், மூன்று தரம் எடுத்தும் பதில் இல்லை என்றால் ஆள் இல்லை என்று எழுதித் திருப்பிக் கொண்டுபோவோம். நாரஹேன்பிட்டியில் ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் அப்படிச் செய்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டம்மா சொன்னார், அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது, இரண்டு நாளும் ஜன்னலோரமே காத்திருந்தார் என்று. அன்றிலிருந்து யாராவது போன் எடுக்காவிட்டால் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு ஐந்து நிமிடம் நிற்கிறேன்.


இரண்டாம் குறுக்குத் தெரு · வெள்ளி, இரவு 9.40

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டு இருக்கிறேன். தெமட்டகொடைத் தங்கச்சி எழுதிய கைப்பைக் கதை என் கடையில் நடந்ததாக இருக்காது, நான் விற்பது துணி. ஆனால் அந்த மாதிரி வார்த்தை என் கடையில் ஒருபோதும் சொல்லப்பட்டதில்லை என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. அதை நினைத்துத்தான் எழுதவில்லை.

இன்றைக்கு ஒரு வேலை செய்தேன். மட்டையில் பெரிதாக எழுதி லாச்சிப் பக்கம் வைத்தேன். ஒரு மீற்றர் விலை, எத்தனை மீற்றர், நிறம் வேறு வேண்டுமா, மாற்றித் தருவோம் மூன்று நாளுக்குள், பில் அவசியம். தமிழ், சிங்களம் இரண்டிலும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு படம். விரலால் தொட்டுக் காட்டலாம். கூட்ட நேரத்திலும் அதற்கு அரை நிமிடம்தான் போகும். நேரமில்லை என்று முதல் நாள் எழுதினேன். நேரத்தை விட யோசனைதான் இல்லாமல் இருந்திருக்கிறது.

அச்சுக்கோப்பவன் தம்பி, மட்டையில் சிங்களம் பிழையாக இருந்தால் சொல்லுங்கள், படம் எடுத்துப் போடுகிறேன்.


அச்சுக்கோப்பவன் · வெள்ளி, இரவு 10.15

போடுங்கள் நானா. எங்கள் அச்சகத்தில் தடித்த தாளில் அடித்து லமினேட் பண்ணித் தருகிறேன். செலவுக் காசு மட்டும் தாருங்கள்.


மடிப்புச்சேலை · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.20

அவர் வந்தார்.

மகளோடுதான் வந்தார். நான் வாசல் பக்கம் நின்றேன். அவர் என்னை அடையாளம் கண்டு திரும்பிப் போகப் பார்த்தார். கையை அசைத்துக் கூப்பிட்டேன். விளக்கு என் முகத்தில் விழுகிற பக்கமாக வந்து நின்றேன். மேசையில் கொப்பி, பேனை, போன் மூன்றையும் வைத்தேன். அவர் பேனையை எடுத்தார். எழுதியது சிங்களத்தில். தங்கச்சியின் கலியாணம், பச்சை, பதினையாயிரத்துக்குள்.

பச்சையில் ஒன்பது சேலை விரித்தேன். ஒவ்வொன்றையும் விரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது எனக்குப் பழக்கமில்லாத காரியம், கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. அவர் நிதானமாகப் பார்த்தார். கரையைத் திருப்பினார், நகத்தால் நூலைத் தடவினார், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சேலையைப் பற்றி அவருக்கு என்னைவிடத் தெரியும். ஏழாவதைப் பிடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கல்குலேட்டரில் 13,500 அடித்தேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி 11,000 அடித்தார். நான் 13,000. அவர் தலையை ஆட்டி 11,500. நான் முதலாளியைப் பார்த்தேன், அவர் விரலால் காட்டினார், 12,500. அந்த அம்மா சேலையை மெதுவாக மடித்து மேசையில் வைத்துவிட்டுக் கைப்பையைத் தோளில் போட்டார். எல்லா வாடிக்கையாளரும் செய்வது அதுதான்! 12,000க்கு முடிந்தது. ரவிக்கைத் துணிக்குத் தனியாக ஒரு பேரம்.

இவ்வளவு நேரமும் மகள் எங்கள் பக்கத்தில் இல்லை. முதலில் கொஞ்சம் நின்று பார்த்தது. தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று தெரிந்ததும் முன் அலுமாரிக்குப் போய்க் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கையில் போட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தது. போகும்போது அம்மாதான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

வாசலில் திரும்பி அவர் கையால் ஒன்று காட்டினார். நன்றி என்று இருக்கலாம், வேறு ஏதாவதும் இருக்கலாம். எனக்கு விளங்கவில்லை. நான் சிரித்துத் தலையாட்டினேன். விளங்காமல் தலையாட்டியது பிழை என்று இப்போது படுகிறது. அச்சுக்கோப்பவன் அண்ணா, அதை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த முறை அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரிய வேண்டும்.


அச்சுக்கோப்பவன் · ஞாயிறு, இரவு 9.05

எழுத்தில் வேண்டாம் தங்கச்சி, பிழையாகிவிடும். புதன்கிழமை அரை நாள் லீவு. நானும் மனைவியும் வெள்ளவத்தைக்கு வருகிறோம், அவருக்கும் கேட்காது. அந்த அம்மா காட்டியதை நீங்கள் எங்களுக்குக் காட்டுங்கள். மனைவிக்கு ஒரு சேலையும் எடுக்க வேண்டும், கல்குலேட்டரை ஆயத்தமாக வையுங்கள்.